சண்டைக்கார நாடுகளைச் சேர்த்து வைத்த வியாபாரி

ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள். இரண்டுக்கும் ஒரே எதிரி. எதிரி வாசலுக்கே வந்துவிட்டான். இரு குடும்பத்தாரும் தோளோடு தோள் நின்று அவனைத் தடுக்கிறார்கள்.

ஆனால் சாமான் வாங்கச் சந்தைக்குப் போனதும் அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள். கடையில் இருப்பது ஒரே மூட்டை தானியம். ஒருவர் 10 ரூபாய் தருகிறேன் என்றால் மற்றவர் 12 ரூபாய் என்கிறார். விலை ஏறுகிறது. கடைக்காரருக்குக் கொண்டாட்டம். எதிரிக்கு அதைவிடக் கொண்டாட்டம்.

1914-ம் ஆண்டில் முதலாவது உலக யுத்தம் மூண்டபோது, பிரிட்டனும் பிரான்சும் இந்த நிலையில்தான் இருந்தன. போர்முனையில் ஒன்றாக நின்று ஜெர்மனியை எதிர்த்தன. சந்தையிலும் கப்பல் துறையிலும் தனித்தனியாக நின்றன.

இது பெரிய ஆபத்து என்பதை ஒருவர் கண்டுகொண்டார். அவர் தளபதி அல்ல. மந்திரி அல்ல. படித்துப் பட்டம் பெற்றவரும் அல்ல. பிராந்தி வியாபாரி ஒருவரின் மகன். அப்போது அவருக்கு வயது 25.

அவர் பெயர் ஜீன் மோனே. இன்று ஐரோப்பாவில் 27 நாடுகள் ஒன்று சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் என்ற அமைப்பை வைத்திருக்கின்றன. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர்.

அவருடைய கதை இது.

கடன் வாங்கிய குதிரை

பிரான்சின் மேற்குப் பகுதியில் கொன்யாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே காய்ச்சும் பிராந்திக்கு அந்த ஊரின் பெயரே பெயராகிவிட்டது.

1888-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி ஜீன் மோனே அந்த ஊரில் பிறந்தார். சிறு விவசாயிகள் பலர் சேர்ந்து ஏற்படுத்திய பிராந்தி கம்பெனி ஒன்றை அவருடைய தகப்பனார் நடத்தி வந்தார். பல தேசத்து வியாபாரிகள் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வருவார்கள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் பேசுவதைச் சிறுவன் மோனே காது கொடுத்துக் கேட்பான்.

பள்ளிக்கூடப் படிப்பில் அவனுக்கு மனம் செல்லவில்லை. 16-வது வயதில் படிப்பை நிறுத்திக்கொண்டான். ஆங்கிலமும் வியாபாரமும் கற்றுக்கொள்வதற்காகத் தகப்பனார் அவனை லண்டனுக்கு அனுப்பினார். 2 ஆண்டுகள் கழித்து கம்பெனி வேலையாகக் கனடாவுக்கு அனுப்பினார்.

புறப்படும்போது தகப்பனார் ஒரு புத்திமதி சொன்னார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். ரயில் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும். மனிதர்களோடு பேச வேண்டும் என்பதே அந்தப் புத்திமதி. மகன் அதை ஆயுள் முழுவதும் கடைப்பிடித்தார்.

கனடாவில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை மோனே கடைசிவரை மறக்கவில்லை. கால்கரி என்ற ஊரில் அவர் சில வாடிக்கைக்காரர்களைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. வண்டி எங்கே கிடைக்கும் என்று வழியில் நின்ற ஒருவரிடம் விசாரித்தார். அந்த மனிதர் தம்முடைய குதிரையைக் காட்டி, அதை எடுத்துப் போகச் சொன்னார். வேலை முடிந்ததும் அதே இடத்தில் கட்டிவிட்டால் போதும் என்றார். முன்பின் தெரியாதவர். வாடகை கேட்கவில்லை. அடகும் கேட்கவில்லை.

மோனேயின் ஊரில் அவரவர் பொருளை அவரவர் பூட்டி வைப்பதுதான் வழக்கம். ஒருவர் பொருளைப் பலர் பயன்படுத்தினாலும் யாருக்கும் நஷ்டம் வராது என்பதை அவர் அங்கேதான் பார்த்தார்.

பிரதம மந்திரியின் அறையில்

1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்கியது. ஜெர்மன் பட்டாளம் பெல்ஜியத்துக்குள் புகுந்து, பாரிஸ் நகரை நோக்கி வந்தது. பிரெஞ்சு அரசாங்கம் பாரிஸை விட்டுத் தெற்கே உள்ள போர்டோ நகரத்துக்குப் போய்விட்டது. அதே செப்டம்பர் மாதத்தில்தான் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம் சென்னை மீது குண்டு வீசியது.

மோனேக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. அதனால் பட்டாளத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி தூக்க முடியாவிட்டாலும், தேசத்துக்குத் தன்னால் ஆவது என்ன என்று அவர் யோசித்தார்.

அவருக்குத் தெரிந்தது வியாபாரம். கப்பலில் சரக்கு எப்படிப் போகிறது, கூலி எப்படி ஏறுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. உலகத்திலேயே அதிகமான வியாபாரக் கப்பல்கள் பிரிட்டனிடம் இருந்தன. பிரான்சுக்கோ கப்பல் போதவில்லை. இரு நாடுகளும் வெளிநாடுகளில் கோதுமையும் குண்டும் துணியும் தனித்தனியாக வாங்கின. அவற்றை ஏற்றி வரும் கப்பல்களுக்கும் போட்டி போட்டன.

போர்முனை ஒன்று என்றால், சாமான் வாங்குவதும் கப்பலை அனுப்புவதும் ஒன்றாகவே இருக்க வேண்டாமா? இதுதான் மோனேயின் கேள்வி.

இதை யாரிடம் சொல்வது? குடும்பத்துக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர் பிரதம மந்திரி விவியானிக்குத் தெரிந்தவர். அவர் மூலமாக மோனே போர்டோவுக்குப் போய், பிரதம மந்திரியை நேரில் பார்த்தார். 25 வயது வாலிபர் சொன்னதைப் பிரதம மந்திரி பொறுமையாகக் கேட்டார். சில வாரங்களில் மோனே லண்டனுக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சு அரசாங்கத்தின் கொள்முதல் வேலை அவருக்குக் கிடைத்தது.

ஒரே பேரேடு

யோசனை சொல்வது சுலபம். நடத்திக் காட்டுவது கடினம். ஒவ்வொரு நாட்டு அதிகாரியும் தம் நாட்டின் கணக்கை மற்றவருக்குக் காட்டத் தயங்கினார். இருப்பு எவ்வளவு, தேவை எவ்வளவு என்பதெல்லாம் ரகசியம்.

மோனே விடவில்லை. 2 ஆண்டுகள் பேசிப் பேசியே இறங்க வைத்தார். பிரிட்டிஷ் அதிகாரி ஆர்தர் சால்ட்டர் அவருக்கு உற்ற நண்பரானார்.

1916 நவம்பரில் முதல் பலன் கிடைத்தது. பிரிட்டன், பிரான்சு, இத்தாலி மூன்றும் சேர்ந்து கோதுமை வாங்குவதற்கு ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதன் பிறகு மூவருக்கும் ஒருவரே போய் விலை பேசினார். வாங்கியதை மூவரும் தேவைக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு பேராபத்து வந்தது. 1917 பிப்ரவரியில் இருந்து ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள், கண்ணில் பட்ட வியாபாரக் கப்பல்களை எல்லாம் எச்சரிக்கை இல்லாமலே மூழ்கடித்தன. ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8½ லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கடலுக்கு அடியில் போயின. இப்படியே போனால் பிரிட்டனில் ரொட்டிக்குப் பஞ்சம் வரும் என்ற நிலைமை.

கஷ்டம் வந்தபோதுதான் மோனேயின் யோசனை எல்லோருக்கும் புரிந்தது. நேசநாடுகளின் கப்பல் போக்குவரத்துக் கவுன்சில் என்ற அமைப்பு 1918-ல் வேலையைத் தொடங்கியது. பிரிட்டன், பிரான்சு, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் அதிகாரிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். பிரான்சின் சார்பில் மோனே உட்கார்ந்தார்.

கப்பல்கள் அவரவர் சொந்தக் கப்பல்கள்தான். ஆனால் கணக்கு ஒன்று. எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, அதில் என்ன ஏற்றலாம், யாருக்கு எது அவசரம் என்பதெல்லாம் ஒரே பேரேட்டில் வந்தது.

இத்தாலிக்குக் கரி

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓர் உதாரணம்.

1918 தொடக்கத்தில் இத்தாலியில் நிலக்கரி தீர்ந்துபோகும் நிலை. இத்தாலிக்குப் பிரிட்டனில் இருந்து கடல் வழியாகக் கரி போகவேண்டும். வெகு தூரம். வழியெல்லாம் நீர்மூழ்கிக் கப்பல்கள்.

கவுன்சில் கணக்கைப் பார்த்தது. பிரான்சின் தென்பகுதியில் கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கிருந்து இத்தாலி பக்கம். ஆகவே பிரான்சின் கரி ரயிலில் ஏறி இத்தாலிக்குப் போயிற்று. அந்தக் கரிக்கு ஈடாகப் பிரிட்டனின் கரி, குறுகலான கால்வாயைக் கடந்து பிரான்சின் வடபகுதிக்கு வந்து சேர்ந்தது.

கப்பல் போகவேண்டிய தூரம் குறைந்தது. இத்தாலியின் ரயில் வண்டிகளும் ஆலைகளும் நிற்காமல் ஓடின. மூன்று நாடுகளும் தனித்தனியாக யோசித்திருந்தால் இது நடந்திருக்குமா?

அதே ஆண்டில் அமெரிக்கச் சிப்பாய்களைக் கொண்டுவரவும் கப்பல்கள் தேவைப்பட்டன. ஜூலை மாதம் ஒன்றிலேயே 3 லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். நவம்பரில் ஜெர்மனி பணிந்தது.

கலைத்துப் போட்ட கூடு

யுத்தம் முடிந்தது. பிரான்சில் மட்டும் சுமார் 14 லட்சம் பேர் போரில் மாண்டிருந்தார்கள்.

சமாதான காலத்திலும் இந்தக் கூட்டு ஏற்பாட்டை நடத்த வேண்டும் என்று மோனே விரும்பினார். பாழாய்ப் போன ஊர்களைக் கட்டுவதற்கும் பட்டினி கிடக்கும் ஜனங்களுக்குச் சோறு போடுவதற்கும் அது உதவும் என்று எடுத்துச் சொன்னார். அமெரிக்கா சம்மதிக்கவில்லை. மற்றவர்களும் ஊக்கம் காட்டவில்லை. 4 ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய கூடு சில மாதங்களில் கலைந்தது.

பிறகு உலக நாடுகள் சேர்ந்து ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தை அமைத்தன. மோனே அதன் உதவிப் பொதுக் காரியதரிசி ஆனார். 1922-ல் ஆஸ்திரியா தேசம் திவால் ஆகும் நிலைக்கு வந்தது. அந்த நாட்டுப் பணம் வெற்றுக் காகிதம் போல் ஆகிவிட்டது. சங்கம் தலையிட்டது. பிரிட்டன், பிரான்சு, இத்தாலி, செக்கோஸ்லோவாகியா ஆகிய நாடுகள் ஆஸ்திரியாவுக்குக் கடன் கிடைக்க ஜாமீன் நின்றன. யுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்ற நாட்டுக்கே ஜாமீன்! இந்த வேலையில் மோனேக்கும் பங்கு உண்டு.

ஆனால் பெரிய விவகாரங்களில் சங்கம் பலமற்று இருந்தது. எந்த ஒரு நாடு மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். ஜெர்மனியிடம் நஷ்டஈடு கேட்டுக் கேட்டுப் பகை வளர்ந்தது. 1923-ல் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் புகுந்தன. அது நிலக்கரி விளையும் பூமி.

அந்த ஆண்டில் மோனே ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போனார். குடும்ப வியாபாரம் நொடித்துக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தினார். பிறகு பாங்கு தொழிலில் இறங்கினார். ஏராளமாகச் சம்பாதித்தார், அதில் பெரும் பகுதியை இழந்தார். சீன தேசத்திலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அவருடைய கல்யாணமும் பல தேசத்து விவகாரமாகவே இருந்தது. அவர் விரும்பிய சில்வியா, இத்தாலியர் ஒருவரின் மனைவியாக இருந்தவர். அக்காலத்து இத்தாலியச் சட்டம் விவாகரத்துக்கு இடம் தரவில்லை. எனவே 1934-ல் மாஸ்கோ நகரில் விவாகரத்தும் பெற்று, அங்கேயே திருமணமும் நடந்தது. கடைசிவரை இருவரும் இணைபிரியாமல் வாழ்ந்தார்கள்.

மறுபடியும் யுத்தம்

ஜெர்மனியில் ஹிட்லர் தலைதூக்கினான். பிரான்சிடம் போதிய ஆகாய விமானங்கள் இல்லை. 1938-ல் விமானம் வாங்கும் பொறுப்போடு மோனே அமெரிக்காவுக்குப் போய், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார்.

1939 செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பழைய பாடத்தை இந்தத் தடவை ஆரம்பத்திலேயே நினைவுக்குக் கொண்டுவந்தார் மோனே. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து அமைத்த கூட்டுக் கமிட்டிக்கு அவரே தலைவர் ஆனார்.

வியாபாரிகள் ஆண்டுக் கடைசியில் ஐந்தொகை போடுவார்கள் அல்லவா? மோனேயும் அதையே செய்யச் சொன்னார். நம் இரு நாடுகளிடமும் சேர்த்து எத்தனை விமானம் இருக்கிறது, ஜெர்மனியிடம் எத்தனை இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் எவ்வளவு பின்தங்கி இருக்கிறோம் என்பது இரு நாட்டு மந்திரிகளுக்கும் உறைத்தது. இரு நாடுகளும் சேர்ந்து அமெரிக்காவில் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன.

ஆனால் காலம் பிந்திவிட்டது. 1940 மே மாதம் ஜெர்மன் படை பாய்ந்து வந்தது. ஜூன் 14-ந் தேதி பாரிஸ் நகரம் விழுந்தது.

ஒரு நாள் வாழ்ந்த யோசனை

அப்போது மோனேயும் நண்பர்களும் உலகம் கேட்டறியாத ஒரு யோசனையைச் சொன்னார்கள். பிரிட்டனும் பிரான்சும் இரண்டு நாடுகளாக இருக்கவேண்டாம். ஒரே நாடாகிவிடலாம் என்பதே அந்த யோசனை. இரு நாட்டு மக்களுக்கும் ஒரே பிரஜா உரிமை. பாதுகாப்பும் நிதியும் பொது. பிரான்சு மண்ணை இழந்தாலும், இரு நாடுகளும் ஒன்றாகவே நின்று போராடலாம்.

பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் முதலில் தயங்கினார். ஜூன் 16-ந் தேதி அவருடைய மந்திரி சபை அதை ஏற்றுக்கொண்டது. லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தளபதி டிகால், டெலிபோனில் அந்த வாசகத்தைப் பிரெஞ்சுப் பிரதம மந்திரி ரேனோவுக்குப் படித்துக் காட்டினார். ரேனோவுக்குப் புதிய தெம்பு வந்தது. அவரை நேரில் பார்க்க சர்ச்சில் புறப்பட்டு, லண்டனில் ரயிலில் ஏறியும் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் பிரெஞ்சு மந்திரிகள் பலர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். பிரிட்டனும் சில வாரங்களில் விழுந்துவிடும் என்று நினைத்தார்கள். யோசனை தள்ளப்பட்டது. அன்று இரவே ரேனோ ராஜினாமா செய்தார். சர்ச்சில் ரயிலை விட்டு இறங்கினார். கிழத் தளபதி பெத்தேன் பதவிக்கு வந்து, ஜெர்மனியிடம் சமாதானம் கேட்டார்.

மோனே மனம் தளரவில்லை. கடல் விமானம் ஒன்றில் போர்டோவுக்குப் பறந்தார். போராட விரும்பும் பிரெஞ்சுத் தலைவர்களை ஏற்றி வருவது அவர் எண்ணம். தலைவர்கள் யாரும் ஏற வரவில்லை.

ஒரே ஒரு காரியம் கைகூடியது. அமெரிக்காவில் பிரான்சு ஆர்டர் கொடுத்திருந்த விமானங்களும் ஆயுதங்களும் இருந்தன அல்லவா? பிரான்சு விழுந்த அந்த இரவிலேயே அந்த ஒப்பந்தங்கள் பிரிட்டனுக்கு மாற்றி எழுதப்பட்டன. கூட்டாக வாங்கும் ஏற்பாடு இருந்ததால்தான் அந்தப் பொருள் வீண் போகவில்லை.

பிறகு மோனே, பிரிட்டனின் சார்பில் வாஷிங்டனுக்குப் போனார். பிரெஞ்சுக்காரருக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்! அமெரிக்க ஆலைகள் ஆயிரக்கணக்கில் விமானமும் டாங்கியும் செய்யவேண்டும் என்று, பார்த்தவர்களிடமெல்லாம் வற்புறுத்தினார். அங்கும் அதே வழிதான். தேவை இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் காட்டுவார்.

பகைவனோடு பங்கு

1945-ல் ஹிட்லர் ஒழிந்தான். ஐரோப்பா சுடுகாடு போல் கிடந்தது. பிரான்சைத் திரும்பக் கட்டும் திட்டத்துக்கு மோனே தலைவரானார்.

அவர் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பிரான்சும் ஜெர்மனியும் அண்டை வீடுகள். 1870, 1914, 1939 என்று 70 ஆண்டுகளில் மூன்று தடவை சண்டை. நாலாவது தடவை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதுவரை அவர் நேசநாடுகளைத்தான் சேர்த்து வைத்தார். அதுவும் யுத்தம் வந்த பிறகு. இனிப் பகை நாட்டையே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் யுத்தம் வருவதற்கு முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

பீரங்கி செய்ய உருக்கு வேண்டும். உருக்குக் காய்ச்ச நிலக்கரி வேண்டும். இந்த இரண்டும் பிரான்சு, ஜெர்மனி எல்லைப்புறங்களிலேயே அதிகம். அவற்றுக்காகவும் பகை வளர்ந்தது. அவற்றைக் கொண்டே சண்டையும் நடந்தது. அந்த இரண்டையும் இரு நாடுகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டால்? ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பீரங்கி செய்ய முடியாது.

1950 மார்ச்சில் மோனே சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்தபடியே இதை யோசித்தார். திரும்பி வந்து, சில நண்பர்களோடு உட்கார்ந்து எழுதினார். ஒன்பது தடவை திருத்தி எழுதினார்கள்.

பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ராபர்ட் சூமனிடம் அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது. சூமன் எல்லைப்புற மனிதர். லக்சம்பர்க்கில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் ஊர் லொரேன் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதி யுத்தத்துக்கு யுத்தம் கைமாறியது. அதனால் அவர் முதலில் ஜெர்மன் பிரஜையாக இருந்து, பிறகு பிரெஞ்சுப் பிரஜை ஆனவர். எல்லைக்கோடு மனிதர்களை என்ன பாடுபடுத்தும் என்பதை அனுபவித்தே அறிந்தவர். தாளை ஊருக்கு எடுத்துப் போய்ப் படித்தார். திரும்பி ரயிலை விட்டு இறங்கியதுமே சம்மதம் சொன்னார்.

மே 9-ந் தேதி காலை. பாரிஸில் மந்திரி சபை கூடியிருந்தது. ஜெர்மன் பிரதமர் அடேனவருக்கு ரகசியமாகக் கடிதம் போயிருந்தது. அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டார் என்ற தகவல் வந்ததும் சூமன் வாய் திறந்தார். மந்திரிகள் இணங்கினார்கள். மாலையில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. யுத்தம் முடிந்து அப்போதுதான் 5 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகனையும் அண்ணனையும் பறிகொடுத்த வீடுகளில் துக்கம் ஆறவில்லை. அந்த நேரத்தில் பகைவனைப் பங்காளி ஆக்குவது லேசான காரியமா?

ஆறு நாடுகளின் புத்தகம்

பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் முன்வந்தன. பிரிட்டன் அப்போது சேரவில்லை. 1951 ஏப்ரல் 18-ந் தேதி பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஒப்பந்தப் புத்தகமே ஒரு பாடமாக இருந்தது. ஹாலந்து காகிதம். ஜெர்மன் மை. பிரெஞ்சு அச்சு. பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் தந்த பைண்டு. இத்தாலியப் பட்டு நாடா.

1952 ஆகஸ்டில் லக்சம்பர்க் நகரில் பொது அமைப்பு வேலையைத் தொடங்கியது. 9 அங்கத்தினர்கள். மோனே தலைவர். எந்த நாட்டைச் சேர்ந்தவராக இருந்தாலும், அங்கே உட்கார்ந்த பிறகு ஆறு நாட்டுக்கும் பொதுவாகவே தீர்ப்புச் சொல்லவேண்டும். ஒரு நாடு மறுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற பழைய சங்கத்தின் குறை இங்கே இல்லை. 1953-ல் நிலக்கரியும் உருக்கும் சுங்கவரி இல்லாமல் ஆறு நாடுகளுக்குள்ளும் போய் வரத் தொடங்கின.

எல்லாம் ஜெயம் என்று சொல்ல முடியாது. ஆறு நாடுகளுக்கும் ஒரே பட்டாளம் வேண்டும் என்ற திட்டத்துக்கும் மோனே துணை நின்றார். 1954-ல் அவருடைய சொந்த நாட்டுப் பாராளுமன்றமே அதைக் கைவிட்டது. மறு ஆண்டு அவர் பதவியை விட்டு விலகினார்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. மேடைப் பேச்சும் அவருக்கு வராது. ஜனங்களிடம் கேட்காமல் மூடிய அறையில் காரியம் முடிக்கிறார் என்றார்கள். பிரெஞ்சு ஜனாதிபதியான டிகால், தேசத்தின் சுதந்திரம் கரைந்துபோகும் என்று அவரோடு மாறுபட்டார். இந்த விவாதம் ஐரோப்பாவில் இன்னும் ஓயவில்லை.

மோனே பதிலுக்குச் சண்டை போடவில்லை. பல நாட்டுக் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் சேர்த்து ஒரு கமிட்டி அமைத்தார். 20 ஆண்டுகள் விடாமல் பேசினார். 1957-ல் ரோம் நகரில் ஆறு நாடுகளும் பொதுச் சந்தை ஒப்பந்தம் செய்துகொண்டன. 1973-ல் பிரிட்டனும் சேர்ந்தது. 2020-ல் அது விலகிவிட்டது.

கூரை வீட்டுப் பெரியவர்

பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமத்தில் மோனேக்கு ஓலைக் கூரை வேய்ந்த வீடு இருந்தது. தினமும் காலையில் வெகுதூரம் நடப்பார். பெரிய யோசனைகள் எல்லாம் நடக்கும்போதே அவருக்குத் தோன்றின. சூமன் திட்டத்தின் கடைசி வேலைகளும் அந்த வீட்டோடு சம்பந்தப்பட்டவை.

1976-ல் ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் அவருக்கு ஐரோப்பாவின் கௌரவப் பிரஜை என்ற பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன் யாருக்கும் கிடைக்காத பட்டம். 1979 மார்ச் 16-ந் தேதி, 90-வது வயதில், அந்த வீட்டிலேயே அவர் காலமானார். பிறந்து 100 ஆண்டு நிறைந்த நாளில், 1988 நவம்பர் 9-ந் தேதி, பாரிஸ் நகரில் மகான்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவருடைய உடல் கொண்டுபோகப்பட்டது.

அவர் போட்ட வழி இன்றும் நடக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா, உக்ரேன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகள் சில நாட்களுக்குள் ஒன்றுகூடி, உக்ரேன் அகதிகளுக்கு எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரியான பாதுகாப்பு என்று தீர்மானித்தன. 40 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்தப் பாதுகாப்பைப் பெற்றார்கள். 2023-ல் எரிவாயுவையும் பீரங்கிக் குண்டுகளையும் கூட்டாக வாங்கும் ஏற்பாடுகள் செய்துகொண்டன. ஓராண்டில் 10 லட்சம் குண்டுகள் தருவதாகச் சொன்னதைச் சொன்ன காலத்தில் தர முடியவில்லை. கூட்டு வேலை இன்றும் சுலபம் அல்ல. ஆனாலும் ஒரே சந்தையில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலையை ஏற்றக் கூடாது என்ற பாடம், 1916-ம் ஆண்டின் கோதுமைக் கமிட்டி கற்றுக் கொடுத்த பாடம்தான்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. அந்த ஊரைச் சேர்த்து வைக்க மோனே உபதேசம் செய்யவில்லை. எல்லோருடைய இருப்பையும் தேவையையும் ஒரே தாளில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தவர்கள், தாங்களாகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.